ஆறாவது பை

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று துறைத்தலைவர் கேட்டபோது, ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியனிடமிருந்து அவர் எதனை எதிர்பார்த்திருப்பார் என்பதை நான் அறிவேன். சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு கூறு, அல்லது காப்பியத்தில் ஏதேனும் ஒரு பாத்திரம். அவ்வாறு பல கட்டுரைகளை இம்மலர்களில் முன்பு எழுதியிருக்கிறேன். இம்முறை அவற்றை விடுத்து, ஒரு பெட்டியைப் பற்றி எழுத விழைகிறேன். விடுமுறைப் பயணத்திற்காகத் துணிகளை அடுக்கி வைத்த ஒரு சாதாரணப் பெட்டி அது. முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்த பாடம் ஒன்றை எனக்கே விளங்க வைத்தது அந்தப் பெட்டிதான்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாழ்நாளில் அறுபத்து மூன்று வயது வரை நான் ஒரு பெட்டியையும் அடுக்கியதில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுலா சென்றிருக்கிறேன், கருத்தரங்குகளுக்குச் சென்றிருக்கிறேன், விடைத்தாள் திருத்தும் பணிக்காகப் பத்து நாள், பதினைந்து நாள் வெளியூரில் தங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புறப்படும் வேளையில் கூடத்தில் பெட்டி ஆயத்தமாக இருக்கும். சலவை செய்த சட்டைகள், வேட்டிகள், துண்டு, சவரக் கருவி, தலைவலித் தைலம் ஆகிய யாவும் அதனதன் இடத்தில் இருக்கும். பெட்டியைத் தூக்குவது மட்டுமே என் பணியென எண்ணியிருந்தேன். அதனை அடுக்கியவர் யார், எப்போது அடுக்கினார், எதனை நினைந்து அடுக்கினார் என்னும் வினாக்கள் எனக்குள் எழுந்ததே இல்லை.

அவ்வினாக்கள் எழுந்த காலம் 2018ஆம் ஆண்டின் மார்ச்சு மாதம். எங்கள் ஒரே மகள் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகருக்கு அருகே கணவருடனும் இரு குழந்தைகளுடனும் வாழ்ந்து வருகிறாள். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. நானும் என் துணைவியாரும் அவர்களுடன் சில திங்கள் தங்கியிருக்கச் சென்றிருந்தோம். அந்நாட்டுப் பள்ளிகளுக்கு இளவேனிற்காலத்தில் ஒரு வாரம் விடுமுறை அளிக்கிறார்கள். அந்த வாரத்தில் தென்பகுதியிலுள்ள புளோரிடா மாநிலத்திற்குச் சென்று, ஆர்லாண்டோ நகரையடுத்த கேளிக்கைப் பூங்காக்களைப் பார்த்து வருவதென முடிவாயிற்று.

அப்பூங்காக்களைப் பற்றி இங்குள்ள மாணவர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்ட ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ என்பது ஒரு தனிப்பூங்கா அன்று. ஏறத்தாழ நாற்பது சதுர மைல் நிலப்பரப்பில் அமைந்த பூங்காக்களின் தொகுதி. முதலில் தோன்றியது ‘மேஜிக் கிங்டம்’. 1982இல் ‘எப்காட்’, 1989இல் இன்று ‘ஹாலிவுட் ஸ்டூடியோஸ்’ எனப்படும் மூன்றாம் பூங்கா, 1998இல் விலங்குகளை மையமாகக் கொண்ட ‘அனிமல் கிங்டம்’ என நான்கு பூங்காக்கள் அடுத்தடுத்து எழுந்தன. இவையன்றி நீர் விளையாட்டுப் பூங்காக்களும் உண்டு. ஒரு பூங்காவைச் சுற்றிப் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாள் முழுவதும் நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், வெயிலில் காய வேண்டும், சில இடங்களில் நனையவும் வேண்டும். எனவே எதனை உடுத்துச் செல்வது என்பது அங்கே அழகு பற்றிய வினாவன்று. உடல்நலம் பற்றிய வினா.

மேலும் ஓர் இடர் இருந்தது. நம் முன்னோர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். அப்பெயரைக் கேட்டதும் மாந்தளிரும் வேப்பம்பூவும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெருநாட்டில் இளவேனில் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். சிகாகோ நகரம் ஏறத்தாழ 42 பாகை வட அட்சத்தில், நம் காசுமீரின் வட எல்லைக்கும் வடக்கே உள்ளது. நாங்கள் புறப்பட்ட நாளில் வீட்டு வாசலோரம் ஒதுக்கிக் குவித்த பனி முற்றும் கரையவில்லை. ஆர்லாண்டோவோ நம் தில்லி மாநகரின் அட்சத்தில், 28 பாகையைச் சற்றே கடந்து இருக்கிறது. அங்கே மார்ச்சு மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 26 செல்சியசை எட்டும். ஏப்ரலில் 28ஐத் தாண்டும். ஆயினும் மார்ச்சு மாதத்து இரவுகளில் 13 பாகை அளவுக்கு இறங்கிவிடும். விமானத்தில் மூன்று மணி நேரம்தான். அதற்குள் ஒரு குளிர்காலத்திலிருந்து ஒரு கோடைக்காலத்திற்குப் போய்ச் சேர்கிறோம். அங்கும் காலையும் இரவும் ஒரு பருவம், நண்பகல் மற்றொரு பருவம். ஒரே பெட்டிக்குள் இத்தனை பருவங்களை அடக்க வேண்டும்.

பெட்டியோ சிறியது. அந்நாட்டு உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் சரக்கறையில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக்கட்டணம் உண்டு; எடையும் 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 23 கிலோவுக்கு மிகலாகாது. ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு பெட்டிகள் போதுமென்று மகள் சொன்னாள். அலுவலகப் பணியில் இருந்த அவளுக்குக் காலம் போதவில்லை. எனவே அடுக்கும் பொறுப்பைத் துணைவியார் ஏற்றுக்கொண்டார்.

அவர் அடுக்கிய முறையை நான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் மீது ஐந்து குவியல்கள். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒன்றாக மெல்லிய பருத்திச் சட்டை. அதற்கு மேல் அணிய முழுக்கைச் சட்டை. அதற்கும் மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி. தடித்த கம்பளி ஒன்றினை எடுப்பதைவிட மெல்லிய மூன்றினை எடுப்பதே நன்று என்பார். குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாம். துணிகளுக்கு இடையே தங்கும் காற்றே உடல் வெப்பத்தைக் காத்துவிடும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் களையலாம். குழந்தைகளின் துணிகளை மடிக்காமல் பாய்போலச் சுருட்டினார். இடமும் மிஞ்சியது, கசங்கலும் இல்லை. காலுறைகளைக் காலணிகளுக்குள் செருகினார். விளிம்பு அகன்ற தொப்பிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி, அவற்றின் குழிக்குள் உள்ளாடைகளை வைத்தார். கசியக்கூடிய தைலப் புட்டிகளை நெகிழிப் பைக்குள் இட்டு மூலையில் ஒதுக்கினார்.

பூங்காவில் நீரில் நனையும் விளையாட்டுகள் உண்டு என்று பேரன் சொல்லியிருந்தான். ஆகவே நாள்தோறும் தோளில் சுமந்து செல்லும் பைக்கென்று தனியே ஓர் ஏற்பாடு செய்தார். இழுத்து மூடும் வாயுடைய நெகிழிப் பைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒருவருக்குரிய மாற்றுடை முழுவதையும் வைத்தார். ஒட்டுத்தாள் கிழித்துத் தம் கையால் பெயரெழுதி ஒட்டினார். ‘தம்பி’, ‘பாப்பா’, ‘அம்மா’, ‘அப்பா’, ‘தாத்தா’ என்று பேரக்குழந்தைகள் அழைக்கும் முறைப்படியே அப்பெயர்கள் இருந்தன. உலர்ந்த உடையை எடுத்த பின் நனைந்த உடையை அதே பைக்குள் இட்டு மூடிவிடலாம். மற்றப் பொருள்கள் நனையா. இத்துணை நுட்பத்தை எங்கே கற்றார் என்று வியந்தேன். வியந்தேனேயன்றி எழுந்து சென்று ஒரு துணியையும் மடித்துக் கொடுத்தேனல்லேன்.

இரவு பெட்டியை நிறைகோலில் வைத்தபோது எடை மிகுந்திருந்தது. எதனை எடுப்பது என்ற பேச்சு எழுந்தது. துணைவியார் ஒரு நொடியும் தயங்கவில்லை. கடைசியாகத் தமக்கென வைத்திருந்த நான்கு சேலைகளில் இரண்டை வெளியே எடுத்தார். மகள் வாங்கி வைத்திருந்த நடைக்காலணியையும் எடுத்துவிட்டார்.

“எனக்கு எதற்குங்க இத்தனை? இரண்டு சேலை போதும். என் செருப்பே எனக்குப் பழக்கம்” என்றார்.

பெட்டி அளவுக்குள் அடங்கிற்று. அனைவரும் நிறைவோடு உறங்கச் சென்றோம். நான் நன்றாகவே உறங்கினேன்.

முதல் நாள் இனிதே கழிந்தது. காலையில் மூன்றடுக்கு உடை, பத்து மணிக்கு இரண்டு, நண்பகலில் ஒன்று. களைந்த மேலங்கிகள் யாவும் துணைவியாரின் தோளுக்கு வந்து சேர்ந்தன. மாலை விடுதிக்குத் திரும்பியபோது, அன்று பதினான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறோம் என்று மருமகன் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். துணைவியார் அமைதியாகக் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் ‘அனிமல் கிங்டம்’ சென்றோம். அதனுள் ஆசியப் பகுதி என்று ஒன்று உண்டு. ‘ஆனந்தபூர்’ என்னும் ஒரு கற்பனை ஊரை இந்திய, நேபாளச் சாயலில் அமைத்திருக்கிறார்கள். அங்கே ‘காளி ரிவர் ரேபிட்ஸ்’ என்றொரு நீர்ச்சவாரி. 1999ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருவது. பன்னிருவர் வட்டமாக அமரும் தெப்பம் ஒன்று செயற்கை ஆற்றின் சுழல்களில் சுழன்று செல்லும். ஏறுபவர் நனைவர் என்று வாயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காளியின் பெயரைக் கேட்டதும் பேத்தி, “பாட்டி, இது நம்ம ஊர் ஆறு, நீங்களும் வரணும்” என்று கையைப் பற்றி இழுத்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் அழைப்பை மறுக்கும் பாட்டி எவர்? பைகளைக் காக்க நான் கரையில் அமர்ந்துகொண்டேன்.

அரைமணி கழித்து ஐவரும் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் காவலன் என்னும் பெருமிதத்தோடு பையைத் திறந்தேன். ‘தம்பி’ பையை எடுத்துக் கொடுத்தேன். ‘பாப்பா’ பையைக் கொடுத்தேன். ‘அம்மா’, ‘அப்பா’ பைகளைக் கொடுத்தேன். நால்வரும் உடை மாற்றச் சென்றனர். துணைவியார் நீர் சொட்டும் சுங்குடிச் சேலையோடு என்முன் நின்றார். நான் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரே ஒரு பை மிஞ்சியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘தாத்தா’ என்று எழுதியிருந்தது.

ஒரு துளியும் நனையாமல் கரையில் அமர்ந்திருந்த எனக்கு மாற்றுடை இருந்தது. நனைந்து நின்றவருக்கு இல்லை. மீண்டும் ஒருமுறை பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆறாவது பை இல்லவே இல்லை.

“உனக்கு எங்கே?” என்றேன்.

“வெயில் இருக்கிறதே, காய்ந்துவிடும்” என்றார்.

மகள் வந்து பார்த்துப் பதறினாள். பக்கத்துக் கடையில் ஏதேனும் சட்டை வாங்கித் தருவதாகச் சொன்னாள். விலையைக் கேட்டதும் துணைவியார் மறுத்துவிட்டார். அத்தகைய உடையை அணிந்து பழக்கமும் இல்லை. குழந்தைகள் அடுத்த காட்சிக்கு விரைந்தனர். என் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அவரும் பின்னே நடந்தார்.

ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை அத்துணை எளிதில் காய்வதில்லை. அதன் காரணத்தை நெசவறிந்தோர் சொல்வர். காற்றிலிருந்து இழை ஈர்த்துக்கொள்ளும் ஈரத்தின் அளவு, அதன் உலர்ந்த எடையில் பருத்திக்கு 8.5 விழுக்காடு, பாலியெஸ்டர் இழைக்கோ 0.4 விழுக்காடு மட்டுமே. வியர்வையை உறிஞ்சிக் குளிர்விக்கும் இயல்பினால் வெப்ப நாட்டிற்குப் பருத்தியே ஏற்றது. ஆனால் முற்றிலும் நனைந்துவிட்டால், ஈரத்தை எளிதில் விடாத அதே இயல்பு துன்பமாகிவிடும். பல மடிப்பாகக் கொசுவிய இடத்தில் காற்றும் வெயிலும் புகா. மாலை நான்கு மணி வரை கொசுவம் ஈரமாகவே இருந்தது. ஈரத்தில் ஊறிய தோற்செருப்பின் வார் இரு கால்களையும் உராய்ந்து கொப்புளமாக்கியது. குளிரூட்டிய அரங்கம் ஒன்றில் அரைமணி அமர்ந்தோம். வெளியே வந்தபோது பொழுது சாய்ந்து குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது. அவர் நடுங்கத் தொடங்கினார். அன்றிரவு காய்ச்சல்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவரால் நடக்க இயலவில்லை. மற்றவர்களை வற்புறுத்திப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு நான் விடுதி அறையில் உடனிருந்தேன். கையோடு கொண்டு வந்திருந்த மாத்திரையும் கஞ்சியும் கொடுத்தேன். அந்தச் சுங்குடிச் சேலையைக் குளியலறையில் அலசினேன். பிழியப் பிழிய நீர் வந்துகொண்டேயிருந்தது. அத்துணை எடையை அவர் நாள் முழுவதும் சுமந்து நடந்திருக்கிறார்!

சேலையை நாற்காலிகளின் மேல் விரித்துக்கொண்டே கேட்டேன். “எல்லோருக்கும் எடுத்து வைத்தாய். கரையில் இருப்பவனுக்குக்கூட வைத்தாய். உனக்கு வைக்க மறந்தாயா?”

அவர் நெடுநேரம் விடை சொல்லவில்லை. பிறகு சொன்னார். “மறக்கவில்லைங்க. எனக்கென்று நானே எடுத்து வைத்துப் பழக்கம் இல்லை. கல்யாணத்தன்று அம்மா என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தார்கள். எனக்காக ஒருவர் அடுக்கிய கடைசிப் பெட்டி அதுதான்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. எங்கள் திருமணம் நிகழ்ந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகளிலும் எத்தனை பயணங்கள்! மகளின் மகப்பேறு, உறவினர் திருமணங்கள், மருத்துவமனைகள், என் கருத்தரங்குகள். ஒரு பெட்டியாவது அவருக்காக அடுக்கப்பட்டதா? பிறருக்கு அடுக்கி எஞ்சிய இடத்தில் அவருடைய இரண்டு சேலைகள் செருகப்பட்டன. எடை மிகுந்தால் முதலில் வெளியேறியவையும் அவைதாம்.

அந்த அறையில் அமர்ந்திருந்தபோது பொருநராற்றுப்படை என் நினைவுக்கு வந்தது. முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்த நூலை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வறுமையால் வாடிய பொருநன் கரிகாற் சோழனின் அவையை அடைகிறான். அவன் உடுத்தியிருப்பது வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்து ஒட்டுப்போட்ட கந்தல். மன்னன் விருந்து படைக்கும் முன்பே அந்தக் கந்தலைக் களையச் செய்து, இழை தெரியாத நுண்ணிய ஆடையை, பாம்பின் தோலுரி போன்ற மென்மையுடையதனை, அளிக்கிறான். இதனைச் சோழனின் கொடைச் சிறப்பு என்று சொல்லி மாணவர்க்குக் குறிப்பெழுதக் கொடுத்தேன். உவமை நயத்தை விளக்கினேன். ஆனால் அந்தப் பகுதியின் உயிர்நிலை எங்கிருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேனல்லேன். கொடுத்த ஆடையின் விலை பெரிதன்று. எதிரே நிற்பவனின் உடையை ஒருவன் உற்று நோக்கினான். அது வியர்வையில் நனைந்திருப்பதைக் கண்டான். அவன் வாய்விட்டுக் கேட்கும் முன்பே மாற்றுடை தந்தான். அதுவே பெரிது. திருவள்ளுவரும் நட்பிற்கு உவமை தேடியபோது, நழுவும் ஆடையை விரைந்து பற்றும் கையினையே காட்டினார். கேட்ட பின் உதவுவது வேறு. கேட்கும் முன் காண்பது வேறு. முப்பத்தாறு ஆண்டுகள் அதனைக் கற்பித்தவனின் எதிரே, முப்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் நனைந்த சேலையோடு நின்றார். பையைத் துழாவிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பிய பின் நான் பெட்டி அடுக்கக் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் துணைவியாரே. அவர் கற்பித்தவற்றையும், நான் பட்டறிந்தவற்றையும் இங்கே சுருக்கிச் சொல்வது பயன்தரும் என எண்ணுகிறேன். கல்விக்காகவும் பணிக்காகவும் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லவிருக்கும் மாணவர்கள் இதனைப் படிக்கிறீர்கள் அல்லவா?

புறப்படும் ஊரின் பருவத்தைக் கொண்டு பெட்டியை அடுக்கலாகாது. சேரும் ஊரின் பருவத்தைக் கொண்டே அடுக்க வேண்டும். அங்கும் நண்பகல் வெப்பத்தை மட்டும் பாராமல், விடியற்காலைக் குளிரையும் கேட்டறிய வேண்டும். உலர்ந்த இடத்தில் நடப்பதற்குத் தளர்வான பருத்தியும், நனையும் இடத்திற்கு விரைவில் உலரும் செயற்கை இழையும் ஏற்றவை. புதுக் காலணியை நெடும்பயணத்தில் முதன்முதலாக அணியலாகாது; இரண்டு வாரம் முன்பே அணிந்து பழக வேண்டும். நாளுக்கு ஓர் இணைக் காலுறையோடு கூடுதலாக ஓர் இணை வேண்டும், ஈரக் காலுறையே கொப்புளத்தின் தாய் ஆதலின். தரையில் புரளும் ஆடை மின்படிகளிலும் சுழலும் ஊர்திகளிலும் இடர் தரும். நீர்ச்சறுக்கு விளையாடுவோரின் உடையில் உலோகப் பொத்தானோ கொக்கியோ இருத்தலாகாது என்பது அப்பூங்காக்களின் விதி. பதினான்கு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் கதைமாந்தரைப்போல வேடமணிந்து பூங்காவுக்குள் வருவதையும் பொதுவாக ஏற்பதில்லை. இவை யாவும் எளிதில் கற்கக் கூடியவை.

கற்பதற்கு அரியது ஒன்றுண்டு. அடுக்கத் தொடங்கும் முன் வீட்டிலுள்ளோரை எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் செல்கிறோம், எத்தனை பைகள் ஆயத்தமாயின என்று சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், குறைந்தது யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அது அடுக்கியவருடையதாகவே இருக்கும்.

2023ஆம் ஆண்டு இளவேனிலில் மீண்டும் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. பேரன் இளைஞனாக வளர்ந்திருந்தான். பேத்திக்குப் பத்து வயது. இம்முறை பெட்டியை நான் அடுக்குவதாக அறிவித்தேன். வீடே சிரித்தது. என்ன உடை வேண்டுமென்று துணைவியாரையே கேட்டேன். எது வசதி என்று பிறர் தீர்மானிப்பதும் ஒருவகை மறதியே அன்றோ? அவர் சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, பூங்காவுக்குச் சல்வார் இரண்டும், மாலைகளுக்குச் சேலை இரண்டும் போதும் என்றார். முதற்குவியலாக அவற்றை வைத்தேன். அவர் ஒரு மாதமாக அணிந்து பழகிய நடைக்காலணியை அதன் அருகே வைத்தேன். பிறகே மற்றவர்களுடையவை. நெகிழிப் பைகள் ஆறு எடுத்து, முதற்பையில் ‘பாட்டி’ என்று எழுதி ஒட்டினேன். எடை மிகுந்தபோது என் புத்தகங்கள் இரண்டு வெளியேறின.

அம்முறையும் பேத்தி அழைத்தாள். அவரும் நீர்ச்சவாரிக்குச் சென்றார். நனைந்து வந்தபோது நான் ‘பாட்டி’ பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு உடை மாற்றச் சென்றார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது உலர்ந்த உடையில், ஈரக் கூந்தலை விரித்துவிட்டு, வெயிலில் பேத்தியோடு அமர்ந்து சோளப்பொரி தின்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் நடுங்கி நின்ற அதே ஊரின் அதே வெயில்தான் அது.

அன்றிரவு விடுதியில் நான் பெட்டி முழுவதையும் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். எனக்குக் கைக்குட்டை ஒன்றும் இரவில் உடுத்த வேட்டியும் எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று நாணத்தோடு சொன்னேன். அவர் தம் கைப்பையைத் திறந்தார். மடித்த வேட்டி ஒன்றும் கைக்குட்டை நான்கும் எடுத்து நீட்டினார்.

“மற்றவருக்கு அடுக்குகிறவர் தமக்கு மறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியாதா?” என்றார்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் விடுதிக்குப் புறப்படும்போதும் தேர்வுக்குப் புறப்படும்போதும் உங்கள் பெட்டியை எவரோ ஒருவர் அடுக்கித் தருகிறார். அதனைத் தூக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். அவருடைய பெட்டி எப்போதாவது அடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையெனில், அடுத்த விடுமுறையில் அதனை நீங்கள் அடுக்குங்கள். எனக்கு அது அறுபத்து மூன்று வயதில்தான் விளங்கிற்று. உங்களுக்கு இருபதிலேயே விளங்கட்டும்.